திறக்காத பானட்: மடிப்பாக்கம் பாய் ஷெட் பற்றி ஒரு ரிவ்யூ

காரின் பானட் (முன்பக்க எஞ்சின் மூடி) திறக்க மாட்டேன் என்கிறது, லீவரை இழுத்தால் சும்மா கையோடு வருகிறது, யாரிடம் போவது என்று தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். தென்சென்னைப் பக்கம் இருக்கிறீர்கள், வண்டியும் வாரண்டி முடிந்த பழைய வண்டி என்றால் தாராளமாக மடிப்பாக்கத்தில் பாய் என்கிற மெக்கானிக்கின் ஷெட்டுக்குப் போகலாம். பெயின்ட்டில் ஒரு கீறல் இல்லாமல் திறந்து கொடுத்தார், ஏன் சிக்கியது என்பதையும் கண்டுபிடித்துச் சரிசெய்தார், மொத்தச் செலவு ஆயிரத்தைக் கொஞ்சம்தான் தாண்டியது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைந்த ஒன்று எதற்கு என்று கீழே வருகிறது.

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. மடிப்பாக்கத்திலிருந்து கீழ்க்கட்டளை போகிற வழியில், உள்ளே தள்ளி ஒரு தகரக் கூரை, வாசலில் பிரித்துப் போட்ட பம்பர்கள், அவ்வளவுதான். மேப்பில் தேடினால் வராது, பக்கத்து டீக்கடையில் "பாய் ஷெட் எங்கே" என்று கேட்டால் காட்டுவார்கள்.

எங்களுடையது பதினோரு வருஷம் ஆன சின்ன ஹேட்ச்பேக். மாடல் பெயரைச் சொல்லவில்லை, இது எந்தக் கம்பெனி வண்டிக்கும் வரக்கூடிய பிரச்சினை. வைப்பர் தண்ணீர் ஊற்றலாம் என்று டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் லீவரை இழுத்தால் வழக்கமாக வரும் 'டொக்' சத்தம் இல்லை, லீவர் எந்தப் பிடிமானமும் இல்லாமல் தொளதொளவென்று வந்தது. வைப்பர் தண்ணீர் இல்லாமல் ஓட்டலாம்தான். ஆனால் கூலன்ட், ஆயில், பேட்டரி எல்லாம் அதற்குள்ளேதான் இருக்கிறது, ஒரு நாள் நடு ரோட்டில் பேட்டரி இறங்கிவிட்டால் ஜம்பர் கேபிள் போடக்கூட வழியில்லை.

பானட் திறக்கிற ஏற்பாடு ரொம்பச் சாதாரணமானது. லீவரிலிருந்து ஒரு கேபிள், சைக்கிள் பிரேக் கேபிள் மாதிரியேதான், வெளியே பிளாஸ்டிக் உறை, உள்ளே முறுக்குக் கம்பி. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் தகட்டைத் துளைத்துக்கொண்டு போய், மட்கார்டின் உட்பக்கமாக ஓடி, ரேடியேட்டருக்கு மேலே இருக்கும் லாக்கில் முடிகிறது. லீவரை இழுத்தால் லாக்கின் நாக்கு விலகி பானட்டில் இருக்கும் கம்பி வளையத்தை விட்டுவிடும், ஸ்பிரிங் பானட்டைக் கொஞ்சம் மேலே தள்ளும். அந்த இடைவெளியில் விரலை விட்டு இரண்டாவது கொக்கியைத் தள்ளினால்தான் முழுதாகத் திறக்கும். இதில் ஏதாவது ஒன்று கெட்டால் பானட் திறக்காது, அதைச் சரிசெய்வதற்குக் கழற்ற வேண்டிய போல்ட்டோ பானட்டுக்கு உள்ளே இருக்கும். வேலை சின்னது, தொல்லை பெரிது என்பது இதனால்தான்.

பாயிடம் போவதற்கு முன்னால் வேறு இடங்களிலும் கேட்டேன். கம்பெனி சர்வீஸ் சென்டர் ஒன்றில் (பெயர் வேண்டாம்) வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "திறந்து பார்த்தால்தான் சார் தெரியும், திறப்பதற்கு கிரில்லை உடைக்க வேண்டி வரலாம்" என்றார்கள். கிரில், லாக், கேபிள், லீவர் எல்லாம் புதுசு போட்டு எஸ்டிமேட் எட்டாயிரத்தைத் தாண்டியது. எது கெட்டது என்றே பார்க்காமல் எல்லாவற்றையும் மாற்றுவதற்கு ஏன் ஒரு எஞ்சினியர் சட்டை போட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. இன்சூரன்ஸோடு வரும் ரோட்சைடு உதவிக்குப் போன் போட்டால், வண்டியைத் தூக்கிக்கொண்டு போய் சர்வீஸ் சென்டரில் இறக்குவோம், பானட் திறப்பது எங்கள் வேலையில் வராது என்றார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கடைக்காரர் கடப்பாறை சைஸில் ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு வந்து பானட் ஓரத்தில் விட்டு நெம்பலாமா என்று கேட்டார். கும்பிடு போட்டு அனுப்பிவிட்டேன். அப்படி நெம்பினால் பானட் ஓரம் மடங்கும், பெயின்ட் தெறிக்கும், லாக் அப்படியே இருக்கும், அப்புறம் அந்த மடிப்பை நிமிர்த்தும் டிங்கரிங் வேலைக்குத் தனியாக அழ வேண்டும்.

பாய் நம்பரைக் கொடுத்தது எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன். போனில் அவர் மூன்று கேள்விதான் கேட்டார்: "லீவர் டைட்டா இருக்கா லூஸா இருக்கா சார்? முன்னாடி எங்கயாவது இடிச்சீங்களா? கடைசியா பானட் எப்ப தொறந்தீங்க?" அங்கேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. மற்ற யாரும் இதைக் கேட்கவில்லை.

முதல் கேள்வி எதற்கு என்று அப்புறம் விளக்கினார். லீவர் டைட்டாக இருந்தால் கேபிள் உயிரோடு இருக்கிறது, லாக்தான் காய்ந்து இறுகியிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு வீட்டிலேயே வைத்தியம் உண்டு. ஒருவர் உள்ளே உட்கார்ந்து லீவரை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் வெளியே நின்று லாக் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே, பானட்டின் முன் விளிம்பு நடுவில், இரண்டு உள்ளங்கையையும் வைத்துக் கீழே அழுத்தி அழுத்தி விட வேண்டும். வளையம் லாக்கின் நாக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும், கீழே அழுத்தினால் அந்த இறுக்கம் ஒரு நொடி விடும், அந்த நொடியில் லீவர் தன் வேலையைச் செய்யும். டைட்டாக இருக்கும் கேஸ்களில் பெரும்பாலும் இதிலேயே திறந்துவிடுமாம். கையை விரித்துவைத்து அழுத்த வேண்டும், முஷ்டியால் குத்தினால் தகட்டில் சொட்டை விழும்.

லூஸாக இருந்தால் கேபிள் அறுந்திருக்கும், இல்லையென்றால் எங்காவது ஒரு முனையில் கழன்றிருக்கும். "லூஸ்னா நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க சார், அப்படியே ஓட்டிட்டு வாங்க. பானட் பூட்டித்தான இருக்கு, பறக்காது. டெம்பரேச்சரை மட்டும் பாத்துக்குங்க" என்றார். சரி என்று கிளம்பிவிட்டேன்.

இனி வேலை. இதை விவரமாக எழுதக் காரணம், எந்தக் கடைக்குப் போனாலும் நல்ல கை எது என்று பார்த்துப் புரிந்துகொள்ள இது உதவும்.

முதலில் லீவர் பக்கம் படுத்து, இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி லீவரைக் கீழே இறக்கினார். கேபிளின் நுனியில் இருக்கும் ஈயக் குண்டு லீவரின் காடியில் சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது. அது கழன்றிருந்தால் கட்டிங் பிளேயரால் உள் கம்பியைப் பிடித்து இழுத்தாலே பானட் திறந்திருக்கும், வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும், நிறையப் பேருக்கு அப்படித்தான் முடியும் என்றார். எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பிளேயரால் பிடித்து மெதுவாக இழுத்தார், கம்பி வந்துகொண்டே இருந்தது, கடைசியில் முழுக் கம்பியும் உருவிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. மறுமுனை பழுப்பேறி, இழை இழையாகப் பிரிந்து நின்றது. அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு "லாக்கு கிட்ட அறுந்திருக்கு" என்றார். உறை முடிகிற அந்த இடத்தில்தான் தண்ணீர் உள்ளே இறங்கும், துருவும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

அப்படியானால் லாக்கை நேரடியாகத் தொட்டால்தான் திறக்கும். இந்த மாடலில் கிரில்லின் மேல் கிளிப்புகள் பானட்டுக்கு அடியில் இருக்கின்றன, அதனால் கிரில்லை வெளியிலிருந்து கழற்ற முடியாது, சர்வீஸ் சென்டரில் உடைக்க வேண்டும் என்று சொன்னது அதனால்தான். பாய் கிரில்லைத் தொடவே இல்லை. ஷெட்டின் மூலையில் அதே மாடல் வண்டி ஒன்று கிளட்ச் வேலைக்கு வந்து நின்றுகொண்டிருந்தது. அதன் பானட்டைத் திறந்து வைத்து, லாக்கின் கை எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது, திறக்க அதை எந்தப் பக்கம் தள்ள வேண்டும், கம்பெனி சின்னத்திலிருந்து எத்தனை விரற்கடை தள்ளி இருக்கிறது என்று அளந்து பார்த்துக்கொண்டார். ஷெட்டில் வேலை பார்க்கும் பையனைக் கூப்பிட்டு அவனையும் பார்க்க வைத்தார். "டேய், இந்தப் பக்கம் தள்ளணும், கீழேர்ந்து பாக்கும்போது மாறித் தெரியும், குழம்பிடாத."

அப்புறம் வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து (இதைக் கவனித்தேன், நிறைய ஷெட்டுகளில் வெறும் ஜாக்கியோடு அடியில் போவார்கள்), அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கவரை இறக்கினார். மல்லாக்கப் படுத்துக்கொண்டு பார்த்தால் பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஒரு கை போகிற அளவு சந்து. அந்தச் சந்தில் ரேடியேட்டருக்கு முன்னால் ஏசி கண்டென்சர் நிற்கிறது, அதன் அலுமினியத் தகடுகள் நகம் பட்டாலே மடங்கும், கம்பி வழுக்கிக் குத்திவிட்டால் கேஸ் போய்விடும், பானட் திறக்க வந்த வேலை ஏசி வேலையாகிவிடும். அதனால் ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து கண்டென்சர் முழுவதையும் மறைக்கிற மாதிரி உள்ளே சொருகினார். நுனி வளைத்த நீளமான கம்பி ஒன்று, வாயில் கடித்த சின்ன டார்ச். பையன் மேலே நின்று பானட்டை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் எதுவும் நடக்கவில்லை, இரண்டு தடவை கம்பியை வெளியே எடுத்து நுனியை வைஸில் வைத்து வளைத்துக்கொண்டு மறுபடி போனார். பிறகு ஒரு 'டொக்'. பானட் மேலே எழும்பியது.

பாதி மெக்கானிக்குகள் இங்கே நிறுத்திவிட்டு, புதுக் கேபிளைப் போட்டுக் காசை வாங்கியிருப்பார்கள். பாய் லாக்கைப் பத்தாம் நம்பர் டி ஸ்பேனரால் கழற்றி எடுத்துக் கையில் கொடுத்தார். நாக்கை விரலால் தள்ளிப் பார்க்கச் சொன்னார், நகரவே இல்லை. ஸ்பிரிங்குக்கு அடியில் களிமண் காய்ந்து சிமென்ட்டாகியிருந்தது. "தண்ணியில நின்ன வண்டியா சார்?" என்று கேட்டார். நின்ற வண்டிதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் முன்விளக்கு வரை தண்ணீர் ஏறியது. அந்தச் சமயம் வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தியவர்கள் தப்பித்தார்கள், எங்களுக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை. இன்சூரன்ஸில் சீட், கார்ப்பெட், வயரிங் எல்லாம் பார்த்துச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். இந்த உள்ளங்கை அளவு இரும்பை யாரும் கழற்றிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆக, கேபிள் அறுந்ததற்குக் காரணம் லாக். லாக் இறுகியதால் ஒவ்வொரு தடவையும் லீவரைக் கொஞ்சம் அதிகமாகவே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறோம், துருப்பிடித்த கம்பி கடைசியில் விட்டுவிட்டது. புதுக் கேபிள் மட்டும் போட்டிருந்தால் அதுவும் சீக்கிரம் அறுந்திருக்கும். எட்டாயிரம் சொன்ன இடத்திலும் புது லாக் போட்டிருப்பார்கள், பிரச்சினை தீர்ந்திருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் இந்த லாக்கில் தேய்மானம் எதுவும் இல்லை, அழுக்குதான். பெட்ரோல் ஊற்றி பிரஷ் போட்டுத் தேய்த்து, டபிள்யூ.டி.40 அடித்து நாக்கை முன்னும் பின்னும் ஆட்டி, துடைத்துவிட்டு, அதன் மேல் கிரீஸ் வைத்தார். ஸ்பிரே அடிப்பதோடு விட்டால் அது சீக்கிரம் காய்ந்துவிடும், துருவை இளக்கத்தான் அது, நிலைத்து நிற்பதற்கு கிரீஸ் வேண்டும் என்றார். இதைப் பலர் மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

கேபிள், ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டிலிருந்து வந்தது. கம்பெனி பார்ட் வேண்டுமா, லோக்கல் போதுமா என்று விலையோடு சேர்த்துக் கேட்டுவிட்டுத்தான் ஆள் அனுப்பினார். லாக்கே கெட்டிருந்தால் புதுப்பேட்டையில் பழைய லாக் எடுத்துக்கலாம், ஆனால் கேபிள் மட்டும் பழசு வாங்காதீர்கள், உறைக்குள் என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாது என்றார். கம்பெனி பார்ட்டே வாங்கச் சொன்னேன்.

கேபிள் மாட்டி முடித்ததும் உடனே பானட்டை மூடவில்லை. பானட் திறந்திருக்கும்போதே ஸ்க்ரூ டிரைவரை வளையம் மாதிரி லாக்குக்குள் அழுத்தினார், நாக்கு பூட்டிக்கொண்டது, பையனை விட்டு லீவரை இழுக்கச் சொன்னார், விட்டது. இதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்த பிறகுதான் பானட்டை இறக்கினார். இந்தச் சோதனையைச் செய்யாமல் மூடிவிட்டு மறுபடி சிக்கினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நீங்கள் எங்கே வேலை பார்த்தாலும் இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். மூலைகளில் இருக்கும் ரப்பர் புஷ்களையும் திருகிச் சரிசெய்தார், அவை அதிக உயரத்தில் இருந்தால் பானட் எப்போதும் லாக்கை மேல்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்குமாம்.

அவசரத்துக்கு லாக்கின் கையில் ஒரு கம்பியைக் கட்டி கிரில்லுக்குப் பின்னால் மறைத்து விடட்டுமா, அடுத்த தடவை கேபிள் அறுந்தாலும் வெளியிலிருந்து இழுத்துக்கலாம் என்று கேட்டார். டாக்ஸிக்காரர்கள் நிறையப் பேர் போட்டுக்கொள்கிறார்களாம். நல்ல யோசனைதான், ஆனால் எங்கள் வண்டி தெருவில் நிற்கிறது, பேட்டரி திருடுபவனுக்கும் அது வசதி. வேண்டாம் என்றுவிட்டேன்.

செலவு: கேபிள் 380, லேபர் 700, ஆக 1,080 ரூபாய். கிரீஸுக்குத் தனியாகக் கேட்கவில்லை. ஜிபே உண்டு.

இனி அந்த ஒரு நட்சத்திரம். பில் கிடையாது, ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அலுவலகத்தில் கணக்குக் காட்ட வேண்டியவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். வேலைக்கு நடுவே வேறு யாராவது வந்தால் எழுந்து போய்விடுகிறார், ஒரு ஆட்டோக்காரருக்கு ஹாரன் சரிசெய்துவிட்டு வரும்வரை எங்கள் வண்டி ஸ்டாண்டு மேலேயே நின்றது. அடிக் கவரைத் திரும்ப மாட்டும்போது கிளிப் ஒன்று குறைந்தது, அதற்குப் பதில் பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கிவிட்டார்; பிடிக்கிறதுதான், ஆனால் அதைச் சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம், நானாகக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்தது. டிரைவர் சீட்டில் கிரீஸ் கை பட்டிருந்தது, சீட் கவர் போடும் வழக்கம் அங்கே இல்லை, ஒரு பழைய துண்டைக் கொண்டுபோங்கள். உட்கார ஒரு உடைந்த பெஞ்ச், கழிவறை வசதி இல்லை, அம்மா அப்பாவை அழைத்துக்கொண்டு போகிற இடம் இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார், அப்போது போன் எடுக்க மாட்டார்.

எல்லா வண்டிக்கும் இவரிடம் போகச் சொல்ல மாட்டேன். வாரண்டியில் இருக்கும் வண்டியை வெளியே பிரித்தால் பின்னால் வாக்குவாதம் வரும், கம்பெனிக்கே போங்கள், எட்டாயிரம் என்றால் எது கெட்டது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். முன்னால் இடித்து பானட்டோ லாக் உட்கார்ந்திருக்கும் சட்டமோ வளைந்திருந்தால் அது இன்சூரன்ஸ் கேஸ், அதைக் கம்பி விட்டுத் திறக்கக் கூடாது என்று பாயே சொல்கிறார். விலை உயர்ந்த சில வண்டிகளில் பாதசாரி மேல் மோதினால் பானட் தானாக எழும்பும் ஏற்பாடு இருக்கிறது, வெடி மருந்து சம்பந்தப்பட்டது, ஷெட் பக்கமே போகாதீர்கள்.

இன்னொன்று. திறந்த பானட்டை மூடும்போது முதல் பூட்டு விழாமல் இரண்டாவது கொக்கியில் மட்டும் நிற்கிற மாதிரி இருந்தால் அப்படியே ஓட்டாதீர்கள். வேகத்தில் காற்று அடியில் புகுந்து தூக்கினால் பானட் கண்ணாடியில் வந்து அறையும், ரோடு தெரியாது. அந்தக் கொக்கியும் அழுக்கில் சிக்கும். அமெரிக்காவில் 2013 முதல் 2018 வரையிலான நிசான் அல்டிமா கார்களை, சுமார் 18 லட்சம் வண்டிகளை, 2020இல் திரும்ப அழைத்தது இந்த இரண்டாவது கொக்கி துருவும் தூசியும் சேர்ந்து திறந்தபடியே நின்றுவிடலாம் என்பதற்காகத்தான். வண்டியை வாட்டர் வாஷ் விடும்போது லாக்கில் ஒரு சொட்டு கிரீஸ் வைக்கச் சொன்னால் போதும், யாரும் தனியாகக் காசு கேட்க மாட்டார்கள், ஆனால் நாம் சொல்லாமல் யாரும் வைக்கவும் மாட்டார்கள்.

பாயிடம் போகிறவர்கள் காலையில் சீக்கிரம் போங்கள், பத்து மணிக்கு மேல் உள்ளே வண்டி விட இடம் இருக்காது. போவதற்கு முன் போன் செய்து லீவர் டைட்டா லூஸா என்று சொல்லிவிட்டால் கேபிளை முன்னாலேயே வரவழைத்து வைத்துவிடுவார், அரை நாள் மிச்சம். வேலை இருந்தால் அக்டோபருக்குள் முடித்துக்கொள்ளுங்கள், மழை தொடங்கிவிட்டால் தண்ணீர் புகுந்த வண்டிகளுக்கே அவருக்கு நேரம் சரியாக இருக்கும், நம் பானட்டைக் கடைசியில்தான் பார்ப்பார்.